நகம் சிக்கிய கீறலும் சிக்காத கீறலும்

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமிருந்து காலி வீதிக்கு ஏறும் ஒழுங்கையொன்றில், எதிரே வந்த முச்சக்கர வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கியபோது எனது கார் மதிலில் உரசிவிட்டது. முன்கதவில் மயிர்போன்ற சில கோடுகளும், பின்கதவின் அடியில் ஒரு சாண் நீளத்துக்கு ஆழமான கீறலும் விழுந்தன.

முதலில் நான் சென்ற சேர்விஸ் நிலையத்தில், "கட் அன்ட் பொலிஷ் அடித்தால் எல்லாம் போய்விடும் சேர்" என்றார்கள். அன்று மாலையே கார் புதிதுபோல் கைக்கு வந்தது. இரண்டு முறை கழுவியதும் பின்கதவுக் கீறல் மீண்டும் தலைகாட்டியபோதுதான், அதை அவர்கள் அகற்றவில்லை, மெழுகால் நிரப்பியிருக்கிறார்கள் என்பது விளங்கியது.

பிறகு தெஹிவளையில் வயதான பெயின்டர் ஒருவரிடம் காட்டினேன். அவர் எதுவும் கேட்காமல், விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெல்ல ஓட்டினார். முன்கதவில் நகம் வழுக்கிச் சென்றது. பின்கதவில் சிக்கி நின்றது. "நகம் சிக்கினால் பொலிஷ் பிரயோசனமில்லை தம்பி" என்றார். நிறத்துக்கு மேலேயுள்ள கிளியர் எனும் நிறமற்ற படலம் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரோன் அளவே இருக்கும். பொலிஷ் அடிக்கும்போது தேய்க்கும் கொம்பவுண்ட் பசை அதைச் சீவித்தான் கோட்டை மறைக்கிறது என்பதால், ஆழமான கீறலைத் தேய்த்தே போக்க முயன்றால் கிளியர் முழுவதும் போய் நிறம் வெளியே தெரிந்துவிடும். கீறலின் நடுவே தகரம் தெரிந்த இடத்தில், உப்புக் காற்றில் அதற்குள் துரும்பளவு துருவும் பிடித்திருந்தது.

எனது டொயோட்டாவின் நிறக் குறியீடு 070, அதாவது பேர்ல் வெள்ளை. வெள்ளை, அதன்மேல் பேர்ல், அதன்மேல் கிளியர் என மூன்று படலங்கள் கொண்ட நிறம் என்பதால், டச்அப் போத்தலில் வரும் பெயின்டைக் கீறலில் மட்டும் தொட்டுவைத்தால் தேமல்போல் தனித்துத் தெரியும் என்று அவர் எச்சரித்தார். ஆகவே துருவைச் சுரண்டி, பிரைமர் இட்டு, பின்கதவு முழுவதற்கும் அடித்து, வித்தியாசம் தெரியாதபடி முன்கதவின் ஓரம்வரை புது நிறத்தைப் பழையதோடு கலந்துவிட்டார். இழப்பீடு கோராதவர்களுக்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் கழிவு போய்விடும் என்பதால் காப்புறுதியை நான் நாடவில்லை.

*

அண்ணா, கார்க் கீறல் பற்றிய உங்கள் பதிவை வாசித்தேன்; உங்கள் அனுபவத்தோடு என்னுடையதையும் சேர்க்கிறேன். கல்கிசையில் எனது பின்பம்பரில் கண்ட சிவப்புக் கோடுகளைக் கீறல் என்றே நினைத்திருந்தேன். உண்மையில் அவை உரசிய வண்டியின் பெயின்ட். கொம்பவுண்டைத் துணியில் தொட்டுக் கையால் தேய்த்ததும் பெரும்பகுதி போய்விட்டது. எஞ்சிய ஒரு கோட்டில் நகம் சிக்குகிறது. பம்பர் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது என்பதால் அதை அவசரமின்றி விட்டுவைத்திருக்கிறேன்.