ஜாயின்ட் ஸ்டீரியோவைத் தவிர்த்து நான் கெடுத்த பாட்டுகள்

2002 வாக்கில் வீட்டிலிருந்த சிடிக்களை எல்லாம் 128 கேபிபிஎஸ் (வினாடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 ஆக மாற்றிக்கொண்டிருந்தேன். ஹார்ட் டிஸ்க் 20 ஜிபிதான், 128க்கு மேல் போக மனம் வரவில்லை. மாற்றும்போது ஸ்டீரியோவா, ஜாயின்ட் ஸ்டீரியோவா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும். தெரிந்தவர் ஒருவர், "ஜாயின்ட் ஸ்டீரியோ மட்டும் வெச்சிடாதீங்க, ரெண்டு சேனலையும் கலந்துடும்" என்றார். வேதவாக்காக எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் வெறும் ஸ்டீரியோவில் போட்டேன்.

கேட்டால், 1950களின் பாட்டுகள்தான் படுமோசம். ஜால்ரா வரும் இடமெல்லாம் தண்ணீருக்குள் தட்டுவதுபோல் இருந்தது. பழைய ரெக்கார்டிங், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். சில வருடம் கழித்து அதே சிடியை, அதே 128இல், லேம் என்கோடரில் (எம்பி3 ஆக மாற்றித்தரும் மென்பொருள்) ஜாயின்ட் ஸ்டீரியோவாகப் போட்டபோது ஜால்ரா ஜால்ராவாகவே கேட்டது.

விஷயம் இதுதான். அந்தப் பாட்டுகள் மோனோ. சிடியில் இடதும் வலதும் ஒன்றே. நான் அந்த ஒன்றையே இரண்டு முறை எழுத வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் 64 வீதம். ஜாயின்ட் முறையில் இரண்டின் கூட்டல் ஒரு சேனல், வித்தியாசம் இன்னொரு சேனல். மோனோவில் வித்தியாசம் பூஜ்யம் என்பதால் அநேகமாக மொத்த பிட்டும் கூட்டலுக்கே போய்விடும். கூட்டலும் கழித்தலும் கையில் இருந்தால் இடது, வலது இரண்டையும் திரும்ப எடுத்துவிடலாம், கலந்துபோக அதில் ஒன்றுமில்லை. சரியான ஸ்டீரியோ பாட்டு என்றால் லேம் ஃபிரேமுக்கு ஃபிரேம், அதாவது சுமார் 26 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, எது லாபமோ அதற்கு மாறிக்கொள்ளும்.

கெட்ட பெயர் வந்தது இன்டென்சிட்டி ஸ்டீரியோவால் என்று நினைக்கிறேன். மேல் அதிர்வெண்களுக்கு ஒரே அலையை வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் எவ்வளவு சத்தம் என்பதை மட்டும் குறித்துவைக்கும் முறை அது. அதுவும் ஜாயின்ட் ஸ்டீரியோ என்ற பெயரில்தான் வரும். லேம் அதைச் செய்வதில்லை.

மறுமொழி 1:
எனக்கு கேசட்டில் நடந்தது. மோனோ பாட்டுதான், ஆனால் டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்ததால் ஒரு பக்கம் மயிரிழை முந்தி வந்தது. காதுக்குத் தெரியாது, என்கோடருக்குத் தெரியும். மேல் ஸ்வரங்களில் வித்தியாசம் பூஜ்யமாக இல்லாததால் ஜாயின்ட் போட்டும் பிரயோஜனம் குறைவு. இப்போது இரண்டு சேனலையும் சேர்த்து மோனோவாகக் கேட்டுக்கொண்டே ஹெட் திருகைத் திருப்புவேன், 'ஸ்' ஒலி எங்கே அதிகம் பளிச்சிடுகிறதோ அங்கே நிறுத்துவேன். அப்புறம் மோனோவாகவே போட்டால் போதும்.

மறுமொழி 2:
மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். அவசரத்துக்குக் கரோக்கி வேண்டுமென்றால் இடதிலிருந்து வலதைக் கழிப்போம், இரண்டிலும் சமமாக, நடுவில் இருக்கும் குரல் போய்விடும். ஒருமுறை சிடி கிடைக்காமல் 128 எம்பி3யில் செய்தேன். குரல் போனது, பதிலுக்குக் கொப்பளிக்கிற மாதிரி ஒரு களகளப்பு வந்து உட்கார்ந்தது. குரலுக்கு அடியில் மறைந்திருக்கும் என்று நம்பி என்கோடர் விட்டுவைத்த குப்பை அத்தனையும் மேடையில் கேட்டது. பாடகர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வால்யூமைக் குறைத்துவிட்டு நானே வாசித்து ஒப்பேற்றினேன்.