என்னைவிட மூத்த ஆசிரியரின் விடைத்தாள் திருத்தத்தைப் பற்றி அவரிடம் பேசுவது எப்படி?

கேள்வி
எங்கள் அரசுப் பள்ளியின் மேல்நிலைப் பிரிவில் இயற்பியல் துறைப் பொறுப்பு இக்கல்வியாண்டில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. துறையிலுள்ள ஐவரில் இருவர் என்னைவிடப் பணியில் மூத்தவர்கள். அண்மைத் தேர்வில், குவிலென்சு பற்றிய வினாவுக்கு ஏறத்தாழ ஒரே விடையை எழுதிய இரு மாணவிகளுள் ஒருவர் 5-க்கு 4 மதிப்பெண்ணும் மற்றவர் 2 மதிப்பெண்ணும் பெற்றிருந்ததை, அவர்களே ஒப்பிட்டுப் பார்த்து என்னிடம் கொண்டுவந்தனர். 2 வழங்கியவர் அந்த மூத்தவர்களுள் ஒருவர். அவருடைய மரியாதைக்குக் குறைவு நேராமல் மாணவிக்கு நியாயம் கிடைக்கச் செய்வது எப்படி?

மறுமொழி 1
மதிப்பெண்ணை நீங்களே மாற்றிவிடாதீர்கள். இரு விடைத்தாள்களையும் அவரிடம் தனியே காட்டி, எந்தப் படிக்கு மதிப்பெண் குறைந்தது என்று மட்டும் கேளுங்கள். எங்கள் துறையில் இப்படிக் கேட்டபோது, அலகு எழுதாத விடைக்கு ஒருவர் ஒரு மதிப்பெண் குறைத்ததும் மற்றவர் அதைப் பொருட்படுத்தாததுமே காரணம் என்று தெரிந்தது. அதன்பின், திருத்தத் தொடங்குமுன் பெயர் மறைத்த மூன்று விடைத்தாள்களின் நகல்களை எல்லோரும் தனித்தனியே திருத்தி, மதிப்பெண் வேறுபட்ட இடங்களைப் பற்றி மட்டும் கூடிப் பேசி, முடிவை விடைக்குறிப்பிலேயே எழுதிக்கொள்கிறோம். முதல் கூட்டத்தில் அளவுக்கு மீறித் தாராளமாகத் திருத்தியிருந்தது துறைப் பொறுப்பிலிருந்த நான்தான். அதை நான் ஒப்புக்கொண்ட பிறகே மற்றவர்கள் மனம்விட்டுப் பேசினார்கள்.

மறுமொழி 2
விடைக்குறிப்பைச் சீர்செய்வது தேவைதான். ஆனால் 2 பெற்ற அந்த மாணவிக்கு எது விடுபட்டது என்பதை எவரேனும் எழுதிக் காட்டினார்களா? கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த பணியில் முன்னேறினார்கள். மதிப்பெண்ணையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. பொதுத்தேர்வை நோக்கிய வகுப்புகளில் மதிப்பெண்ணை முற்றிலும் விலக்க இயலாது. ஆயினும் அலகுத் தேர்வுகளிலாவது முதலில் கருத்துரையுடன் தாளைத் திருப்பித் தந்து, மாணவர்கள் விடையைத் திருத்தி எழுதிய பின் மதிப்பெண்ணை அறிவிக்கலாம்.

கேள்வி கேட்டவர்
ஐயாவிடம் நேற்றுப் பேசினேன். கதிர்ப்படத்தில் ஒளிக்கதிர்களின் திசையைக் காட்டும் அம்புக்குறிகள் இல்லாததால், படத்துக்குரிய இரண்டு மதிப்பெண்களையும் அவர் வழங்கவில்லை. காரணம் கேட்டதை அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்றவர் திருத்திய தாளையும் வாங்கிப் பார்த்தார். அம்புக்குறிக்கு எவ்வளவு குறைக்கலாம் என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. வியாழக்கிழமை ஐவரும் அமர்ந்து, மூன்று தாள்களைத் திருத்திப் பார்க்க இருக்கிறோம்.