சாரலில் அடங்கி வெயிலில் திரும்பும் கிரீச் ஓசை: பழைய மாருதி 800

புளியரைவாசி:
என்னிடம் 2004ஆம் ஆண்டு மாருதி 800 இருக்கிறது. வாரம் இருமுறை ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூருக்குப் போய்வருகிறேன். எஸ் வளைவில் திரும்பும்போதும், வேகத்தடைகளில் மெல்ல இறங்கும்போதும் முன்பக்கத்தில் இடப்புறமாகப் பழங்கட்டில் முனகுவது போன்ற ஓசை எழுகிறது. நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தாலோ, அடியில் தகரம் அதிர்கிறது. ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றியும் பயனில்லை. ஆனால் ஆனி, ஆடிச் சாரலில் ஓட்டினால் அந்த முனகல் மட்டும் நின்றுவிடுகிறது. வெயில் ஏறியதும் திரும்பிவிடுகிறது. எங்கிருந்து தேடுவது?

புனலூர்ப் பட்டறை:
அண்ணாச்சி, பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். நனைந்தால் அடங்கும் ஓசை பெரும்பாலும் காய்ந்து இறுகிய ரப்பர் புஷ்ஷிலிருந்துதான் (இரும்புப் பாகங்கள் இணையுமிடத்தில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உறை) வரும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி வைத்து, ஒருவர் முன்சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டரை அழுத்தி அழுத்தி விட, மற்றவர் வெறும் தண்ணீரை முதலில், சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷில் மட்டும் தெளித்துக் காது கொடுக்க வேண்டும். ஓசை நிற்கவில்லையென்றால் அடுத்து, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரின் புஷ். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நனைத்துவிட்டால் குற்றவாளி கூட்டத்தில் தப்பிவிடுவான். கண்டுபிடித்ததும் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றாதீர்கள். அது ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். சிலிக்கான் கிரீஸ் சில காலம் தாங்கும், வெடித்த புஷ்ஷென்றால் மாற்றத்தான் வேண்டும். லோயர் ஆர்ம் புஷ்ஷை மாற்றினால், வண்டி நான்கு சக்கரங்களிலும் தன் எடையைத் தாங்கி நிற்கும்போதுதான் போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். தூக்கிவைத்த நிலையிலேயே முறுக்கிவிட்டால், கீழே இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுகியபடியே இருந்து விரைவில் கிழிந்துவிடும். அவசரத்தில் பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

கடையநல்லூரான்:
தகர அதிர்வு வேறு கதை. அது சைலன்சர் குழாயை மூடியிருக்கும் வெப்பத் தடுப்புத் தகடாக இருக்கக்கூடும். போல்ட் துளையைத் துரு தின்றுவிட்டால் தகடு ஆடும். வண்டி நன்றாகக் குளிர்ந்த பிறகு கையால் தட்டிப் பாருங்கள். பெரிய ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி இறுக்கினால் போதும். கழற்றி எறிய வேண்டாம், அந்தச் சூடு மேலே தரைக்கம்பளத்துக்கு ஏறும்.

மேக்கரை:
முதலில் டிக்கியில் இருக்கும் ஜாக்கியையும் ஸ்பானர்களையும் வெளியே எடுத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். நான் மூன்று மாதம் கதவைக் கழற்றிக் கழற்றித் தேடிய டக் டக் ஓசை, சீட் பெல்ட்டின் கொக்கி பக்கப் பிளாஸ்டிக்கில் மோதியதால் வந்தது.

புளியரைவாசி:
தண்ணீர்ச் சோதனையைச் செய்துவிட்டேன். லோயர் ஆர்மில் மாற்றமில்லை. இடப்பக்க ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷில் தெளித்ததும் முனகல் நின்றது. இரு பக்கமும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். தகடுக்குக் கிளிப் வாங்கியாயிற்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டப்போகிறேன்.