மெராப்பியின் சரிவில் நான் கண்டதும் கேட்டதும்

2017 ஆகஸ்டில் ஜாவாத் தீவின் யோக்யகார்த்தாவில் தங்கியிருந்தபோது, நகருக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மெராப்பி எரிமலையின் தென்சரிவுக்கு ஒருநாள் காலையில் சென்றேன். ஜீப் ஓட்டியவர் அந்தச் சரிவிலேயே பிறந்தவர். 2010 வெடிப்பில் வீட்டையும் கறவை மாடுகளையும் இழந்து, இப்போது அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் வசிக்கிறார்.

முதலில், வெடிப்பின்போது ஒதுங்குவதற்காகக் கட்டப்பட்ட காலியாடெம் பதுங்கறைக்கு அழைத்துச் சென்றார். 2006 ஜூன் வெடிப்பின்போது மீட்புப் பணியாளர்கள் இருவர் அதற்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டும் உயிர் பிழைக்கவில்லை. உள்ளே நின்ற சில நிமிடங்களில் எனக்குப் பேச்சே வரவில்லை.

மெராப்பியின் எரிகுழம்பு இளகி ஓடக்கூடியதன்று. அது உச்சியிலேயே குவிமாடமாகத் திரண்டு வளரும். பாரம் தாங்காமல் அந்த மாடம் சரியும்போது பாறைத்துண்டுகளும் சாம்பலும் பல நூறு பாகை வெப்பமுள்ள வாயுக்களும் ஒன்றாய்க் கலந்து, ஆற்றுப் பள்ளங்களின் வழியே பாய்ந்திறங்கும். புரண்டு வரும் அந்த முகில் ஆட்டின் சுருள்மயிரைப் போலிருப்பதால் ஜாவா மக்கள் அதை ‘வெதுஸ் கெம்பெல்’, அதாவது செம்மறியாடு, என்கிறார்கள். 1930இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரையும், 1994 நவம்பரில் அறுபதுக்கும் மேற்பட்டோரையும் கொன்றது இதுதான்.

மலையின் ஆன்மிகக் காவலராக யோக்யகார்த்தா அரண்மனை நியமித்திருந்த முதியவர் ம்பா மரிஜான் கினாரெஜோ என்ற சிற்றூரில் வாழ்ந்தார். 2006இல் அதிகாரிகள் வற்புறுத்தியும் அவர் ஊரைவிட்டு இறங்கவில்லை. அவர் உயிர் பிழைத்தார்; ஊரும் தப்பியது. “அந்த ஆண்டு நாங்கள் முகாமிலிருந்து திரும்பியபோது வீடு அப்படியே இருந்தது. அதுதான் எங்களைக் கெடுத்தது” என்றார் ஓட்டுநர். 2010 அக்டோபர் 25 அன்று எச்சரிக்கை உச்ச நிலைக்கு உயர்த்தப்பட்டது. மறுநாள் மாலை வெப்ப முகில் கினாரெஜோவை மூடியது. அன்று மாண்டவர்களுள் ம்பா மரிஜானும் ஒருவர். அந்தப் பெரியவரை மூடநம்பிக்கைக்காரர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது சரியன்று என்றே நான் நினைக்கிறேன். அவர் தம் கடமையென்று கொண்டதைக் கைவிடவில்லை. ஆனால் மலைதான் தன் பழைய வழக்கத்தை மாற்றிக்கொண்டுவிட்டது.

நவம்பர் 5 நள்ளிரவுக்குப் பின் நிகழ்ந்ததோ வெறும் சரிவன்று, பெருவெடிப்பு. காளி கென்டோல் ஆற்றுப் பள்ளத்தில் வெப்ப முகில் சுமார் 15 கிலோமீட்டர் வரை இறங்கியது; மக்கள் தங்கக்கூடாத விலக்கு வளையம் 20 கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. அந்த வெடிப்புக் காலம் முழுவதிலும் 350க்கும் மேற்பட்டோர் இறந்தனர், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். சிதைந்த வீடொன்றில் அமைந்திருக்கும் சிறு அருங்காட்சியகத்தில், 12:05இல் நின்றுபோன, உருகிய சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். முன்கூட்டியே மக்களை அகற்றியிராவிட்டால் சாவு பல மடங்காகியிருக்கும்.

* * *

மேலே எழுதியவர் சொல்லாத ஒன்றை நான் சேர்க்கிறேன். 2011 ஜனவரியில் வேலை நிமித்தம் மலைக்கு மேற்கேயுள்ள மகெலாங் நகரில் இருந்தேன். வெடிப்பு ஓய்ந்திருந்தாலும், சரிவில் தங்கிய சாம்பலையும் மணலையும் ஒவ்வொரு பெருமழையும் கரைத்து இறக்கிக்கொண்டிருந்தது. இந்தச் சேற்றுப்பெருக்கை அங்கே ‘குளிர் லஹார்’ என்பார்கள். காளி பூத்தே ஆறு கரையுடைத்து, யோக்யகார்த்தா செல்லும் நெடுஞ்சாலையின் குறுக்கே பாய்ந்தது. சேறு வற்றியபின் பார்த்தபோது, வீட்டின் அறையளவு பாறைகள் சாலையோரத்தில் கிடந்தன. உச்சியில் மேகம் கறுத்தால், தாம் நிற்கும் இடத்தில் வெயில் காய்ந்தாலும், ஆற்றில் மணல் அள்ளுவோர் உடனே கரையேறிவிடுவதை அங்கேதான் கண்டேன். ஒருமுறை அவர்கள் ஏறிய அரை மணி நேரத்துக்குள், முதலில் இரைச்சலும் பிறகு சாம்பல்நிறச் சேறும் வந்தன.