48 வோல்ற் படகு மோட்டர்: கட்டுப்பாட்டுப் பலகையின் நேர்முனை மட்டும் ஏன் கருகுகிறது?

சாம்பல்தீவுப் பட்டறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை, சாம்பல்தீவில் சிறிய மின்பழுது பார்க்கும் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். கொட்டியாரக் குடாவில் தொழில் செய்யும் ஒருவருடைய ஃபைபர் படகுக்கு மின்மோட்டர் பொருத்திக் கொடுத்து நான்கு மாதங்கள் ஆகின்றன. லிதியம் இரும்பு பொசுபேற்றுக் கலங்கள் 16 ஐத் தொடராக இணைத்த பற்றரி, பெயரளவு 51.2 வோல்ற். முழு வேகத்தில் ஓட்டம் 55 அம்பியர் வரை செல்லும். வலை போட்டுத் திரும்பும்போது அரை மணி நேரம் வரை அதே ஓட்டம் தொடரும்.

கட்டுப்பாட்டுச் சுற்றுப் பலகையை நானே வரைந்து செய்வித்தேன். செப்பின் தடிப்பு 35 மைக்ரோமீற்றர். பற்றரியிலிருந்து 16 சதுர மில்லிமீற்றர் வயர், முனையில் செப்பு லக் (போல்டில் பூட்டத் துளையுள்ள தட்டை முனை). நேர்முனையில் பலகையில் துளையிட்டு, எம்5 துருப்பிடிக்காத எஃகு போல்ட் ஒன்றினால் லக்கைப் பூட்டியிருக்கிறேன். அருகில் உள்ள கொள்ளளவி தடுத்ததால் லக்கைச் சற்று உயர்த்த வேண்டியிருந்தது. அதற்காக லக்கின் கீழே ஒரு எஃகு வொஷர் வைத்தேன். தொடர்பு நன்றாக இருக்கட்டும் என்று பலகையின் செப்புப் பரப்பில் பற்றாசு ஈயத்தைத் தடிப்பாகவே பூசினேன். எதிர்முனையில் ஓட்டத்தை அளக்கும் ஷன்ட் இருப்பதால், லக் அதன் பித்தளைக் கட்டையிலேயே நேரடியாகப் பூட்டப்பட்டுள்ளது.

எதிர்முனையில் இன்றுவரை எந்தக் குறையும் இல்லை. நேர்முனையோ, நட்டை இறுக்கியபின் ஏறத்தாழ பத்து நாள் ஒழுங்காக இருக்கிறது. பிறகு பலகையின் பச்சைப் பூச்சு பழுப்பாகி, கருகும் மணம் வருகிறது. திறந்து பார்த்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. லக்கை இரண்டு தடவை மாற்றிவிட்டேன். மல்டிமீற்றரில் தடையை அளந்தால் இரு முனைகளிலும் 0.2 ஓம் என்றே காட்டுகிறது. அகச்சிவப்பு வெப்பமானியோ போல்டின் தலையில் 48 பாகை என்கிறது. ஆனால் விரலை வைக்க முடியவில்லை. இதைவிடப் பெரிய இணைப்பி போட்டால் சரியாகுமா?

உவர்மலை மாணவர்

அண்ணா, எக்ஸ்டி 90 இணைப்பியைப் பலகையில் நேரடியாக ஈயம் வைத்துப் பொருத்திவிடலாமே. 90 அம்பியர் தாங்கும் அல்லவா? எஃகின் தடைத்திறன் செப்பைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் அந்த வொஷரே எரிகிறது என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற தொலைத்தொடர்பு மின்வழங்கல் பொறியாளர், பாலையூற்று

தம்பி, உங்கள் கேள்வியை மூன்று முறை வாசித்தேன். விடையின் பாதி அதிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் எக்ஸ்டி 90 பற்றி. பெயரில் உள்ள 90 கணநேரத்துக்கு உரிய அளவு. தொடர்ந்து தாங்குவதாகத் தயாரிப்பாளர் சொல்வது 45 அம்பியர். அரை மணி நேரம் 55 அம்பியர் ஓடும் படகுக்கு, அதிலும் கச்சான் காற்றுக் காலத்தில் மூடிய பெட்டிக்குள் இருக்கும் பலகைக்கு, அது பொருந்தாது. இணைப்பிகளின் அளவீடு பெரும்பாலும் சூழல் வெப்பத்துக்கு மேல் 30 பாகை உயர்வை எல்லையாகக் கொண்டு கூறப்படுவது. வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் ஏற்கெனவே 55 பாகை இருந்தால், அந்த 30 எங்கிருந்து கணக்கிடப்படும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, உங்கள் இரு கருவிகளும் உங்களைத் தவறான வழியில் அழைத்துச் செல்கின்றன. 0.2 ஓம் என்பது மல்டிமீற்றரின் சொந்த வயர்களின் தடை. நாம் தேடுவது அதில் நூறில் ஒரு பங்கு. தடை அளவில் அதை ஒருபோதும் பார்க்க முடியாது. மினுங்கும் உலோகம் அகச்சிவப்புக் கதிரை மிகக் குறைவாகவே வெளிவிடும் என்பதால் வெப்பமானியும் குறைத்தே காட்டும். போல்டின் தலையில் கறுப்பு மின்நாடாத் துண்டு ஒன்றை ஒட்டி, அதன்மேல் அளந்து பாருங்கள்.

மோட்டரை முழுச் சுமையில் ஓட விட்டு, மீற்றரை மில்லிவோல்ற் அளவில் வைத்து, மூன்று இடங்களில் அளவெடுங்கள்: வயரின் செப்புக்கும் லக்கின் தட்டைப் பகுதிக்கும் இடையே, லக்கின் தட்டைப் பகுதிக்கும் பலகையின் செப்புப் பரப்புக்கும் இடையே, அந்தப் பரப்புக்கும் முதலாவது மொஸ்ஃபெட்டின் (ஓட்டத்தைத் திறந்து மூடும் குறைகடத்தி ஆளியின்) காலுக்கும் இடையே. ஊசிமுனைகள் சறுக்கி இரு முனைகளையும் தொட்டுவிடாதபடி கவனம் வேண்டும். லிதியம் பற்றரி குறுஞ்சுற்றானால் ஆயிரக்கணக்கான அம்பியர் பாயும். கையில் மோதிரமோ சங்கிலியோ இருந்தால் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். பற்றரிக்கு அருகில் நேரோட்ட உருகி இருக்கிறது என்று நம்புகிறேன். இல்லையென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னர் அதைப் போடுங்கள்.

சாம்பல்தீவுப் பட்டறை

ஐயா, உருகி இருக்கிறது. படகைக் கரையில் கட்டி வைத்து, 55 அம்பியரில் அளந்தேன். வயர்–லக்: 6 மில்லிவோல்ற். லக்–செப்புப் பரப்பு: 180. செப்புப் பரப்பு–மொஸ்ஃபெட்: 45. எதிர்முனையில் லக்குக்கும் ஷன்ட் கட்டைக்கும் இடையே 4 மட்டுமே. கறுப்பு நாடா ஒட்டியபின் வெப்பமானி 96 பாகை காட்டியது. இத்தனை நாளாக 48 என்று நம்பிக்கொண்டிருந்ததை நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற தொலைத்தொடர்பு மின்வழங்கல் பொறியாளர், பாலையூற்று

மிகத் தெளிவான அளவீடுகள். 180 மில்லிவோல்ற்றை 55 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 10 வாற்று. சிறிய பற்றாசுக்கோல் ஒன்றின் முனையைப் பலகையில் ஊன்றி வைத்திருப்பதற்கு அது ஈடானது. லக்கை நெரித்துப் பொருத்திய இடம் 0.33 வாற்று மட்டுமே. ஆகவே நீங்கள் இரண்டு தடவை மாற்றிய லக் குற்றமற்றது.

மாணவர் தம்பிக்கு ஒரு சொல். வொஷரைச் சந்தேகித்தது சரி, காரணம் வேறு. துருப்பிடிக்காத எஃகின் தடைத்திறன் செப்பைவிட ஏறத்தாழ 40 மடங்கு என்பது உண்மை. ஆயினும் எம்5 வொஷரின் தடிப்பு 1 மில்லிமீற்றர், பரப்பு 56 சதுர மில்லிமீற்றர். கணக்கிட்டால் அதன் உடலின் தடை 0.013 மில்லியோம் மட்டுமே வரும். இங்கே இருப்பதோ 3.3 மில்லியோம். எஃகின் உடலில் இல்லாத தடை அதன் முகங்களில் இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகைத் துருவிலிருந்து காப்பதே அதன்மேல் உள்ள மெல்லிய குரோமிய ஒட்சைட்டுப் படலம்தான். மின்னோட்டத்துக்கு அந்தப் படலம் வேலி. ஒரு வொஷரைச் செருகியதால் ஒரு தொடுகைக்குப் பதிலாக இரண்டு தொடுகைகள் வந்தன, இரண்டும் மோசமானவை. ஓட்டம் பாயும் வழியில் லக்கும் செப்பும் முகத்தோடு முகம் சேர வேண்டும். வொஷர் நட்டின் பக்கத்தில் இருக்கட்டும்.

ஆனால் வொஷரை எடுத்தாலும் பத்து நாளில் தளர்வது நிற்காது என்பதே என் கருத்து. அதற்குக் காரணம் நீங்கள் நல்லெண்ணத்தோடு பூசிய ஈயம். வெள்ளீய–ஈயக் கலவை 183 பாகையில், அதாவது 456 கெல்வினில், உருகும். நம் ஊர் அறை வெப்பமே ஏறத்தாழ 303 கெல்வின்; உருகுநிலையில் மூன்றில் இரண்டு பங்கு. அந்த நிலையில் உள்ள உலோகம் அழுத்தத்தின் கீழ் மெழுகைப் போல மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். நீங்கள் இறுக்குகிறீர்கள், ஈயம் ஓரங்களுக்கு ஒதுங்குகிறது, போல்டின் இழுவை குறைகிறது, தொடுகைத் தடை ஏறுகிறது, வெப்பம் கூடுகிறது, வெப்பத்தால் ஈயம் இன்னும் விரைவாக நகர்கிறது. பலகையின் கண்ணாடியிழை–எபொக்சியும் சூட்டில் இதே குணத்தைக் காட்டும். படகின் அதிர்வு மிச்சத்தைச் செய்துவிடும். திருகு முனையங்களில் செருகும் பல்லிழை வயரின் நுனிக்கு ஈயம் பூசக்கூடாது என்று நாங்கள் புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பதற்கும் இதுவே காரணம்.

இப்போது உங்கள் கேள்விக்குள்ளேயே இருந்த பாதி விடை. எதிர்முனை ஏன் நான்கு மாதமாகத் தளரவில்லை? அங்கே போல்ட் இறுக்குவது செப்பையும் பித்தளையையும் மட்டுமே. ஈயமும் பலகையும் அந்த இறுக்கத்துக்குள் இல்லை. நேர்முனையிலும் அதையே செய்யுங்கள். 10 மில்லிமீற்றர் அகலமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள செப்புப் பட்டையை, பலகையில் ஓட்டம் பாயும் செப்புத் தடத்தின் முழு நீளத்துக்கும் பற்றாசு வைத்துப் படியவிட்டு, ஒரு முனையைப் பலகையின் விளிம்புக்கு வெளியே நீட்டி, அந்த நீட்டத்தில் லக்கைப் பூட்டுங்கள். அப்போது பற்றாசு ஓட்டத்தைக் கடத்தும், அழுத்தத்தைச் சுமக்காது.

கிண்ணியா குளிரூட்டி பழுதுபார்ப்பவர்

அந்த 45 மில்லிவோல்ற்றையும் விட்டுவிட வேண்டாம். தம்பி, தடத்தின் நீள அகலம் என்ன?

சாம்பல்தீவுப் பட்டறை

நானா, நீளம் 40, அகலம் 25 மில்லிமீற்றர். மேற்பக்கம் மட்டும்.

கிண்ணியா குளிரூட்டி பழுதுபார்ப்பவர்

அப்படியென்றால் அது பழுது அன்று. 35 மைக்ரோமீற்றர் செப்பில், நீளமும் அகலமும் சமமான ஒவ்வொரு சதுரத் துண்டுக்கும், அது எந்த அளவானாலும், ஏறத்தாழ அரை மில்லியோம். உங்கள் தடம் 1.6 சதுரம், ஆகவே 0.8 மில்லியோம், 55 அம்பியரில் 44 மில்லிவோல்ற். நீங்கள் அளந்ததும் அதுவே. எவ்வளவு சிறந்த இணைப்பியை வாங்கிப் போட்டாலும் அந்த 2.5 வாற்று பலகையிலேயே தங்கும். ஐயா சொன்ன பட்டை இதையும் தீர்க்கும்: 20 சதுர மில்லிமீற்றர் செப்பு, 40 மில்லிமீற்றர் நீளத்துக்கு 0.034 மில்லியோம்தான்.

அடுத்த பலகையை 70 மைக்ரோமீற்றர் செப்பில், இரு பக்கமும் தடம் வைத்துச் செய்வியுங்கள். அப்போது அழுத்திப் பொருத்தும் வகை முனையங்களையும் எண்ணிப் பார்க்கலாம். பல கால்கள் கொண்ட பித்தளைக் கட்டையைச் செப்புப் பூசிய துளைகளில் விசையோடு இறக்குவார்கள்; காலும் துளைச் சுவரும் காற்றுப் புகாதபடி ஒன்றோடொன்று இறுகிவிடும், பற்றாசே தேவைப்படாது. ஆனால் துளையின் அளவு மிகத் துல்லியமாக இருக்க வேண்டும், இறக்குவதற்கு அழுத்தியும் வேண்டும். இருக்கிற பலகையில் அதைக் கையால் முயல வேண்டாம்.

சாம்பல்தீவுப் பட்டறை

ஐந்து வாரங்களின் பின் எழுதுகிறேன். பழைய சுவிட்ச் பெட்டி ஒன்றிலிருந்து செப்புப் பட்டை கிடைத்தது. தேய்த்துத் துலக்கி, தடத்தின் பச்சைப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, பெரிய பற்றாசுக்கோலால் பதித்தேன். பட்டை சூட்டை இழுத்துக்கொண்டதால் எனது 60 வாற்றுக் கோல் போதவில்லை, கீழிருந்து சூடான காற்றும் கொடுக்க வேண்டியிருந்தது. பாரமான வயர் பட்டையை இழுக்காதபடி பெட்டியின் சுவரில் ஒரு பிடி வைத்தேன். நட்டின் கீழே குவிந்த வில் வொஷர் போட்டிருக்கிறேன்.

அதே 55 அம்பியரில் லக்குக்கும் பட்டைக்கும் இடையே 3 மில்லிவோல்ற். பட்டையிலிருந்து மொஸ்ஃபெட் வரை 5. கறுப்பு நாடாவின்மேல் 51 பாகை. நேற்று மீண்டும் அளந்தேன், எண்கள் மாறவில்லை, நட்டும் அசையவில்லை. பலகையைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்கும்படி படகுக்காரரிடம் சொல்ல இருந்தேன். உங்கள் இருவராலும் அவருடைய பணம் மிஞ்சியது. ஐயாவுக்கும் நானாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வாடைக்காற்றுக் காலம் தொடங்குமுன் உப்பு ஈரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னால் நல்லது. கிறீஸ் பூசினால் ஓட்டம் தடைப்படாதா?

ஓய்வுபெற்ற தொலைத்தொடர்பு மின்வழங்கல் பொறியாளர், பாலையூற்று

தடைப்படாது. இறுக்கும்போது உலோக மேடுகள் கிறீஸை ஒதுக்கிவிட்டு ஒன்றையொன்று தொடும்; ஒதுங்கிய கிறீஸ் சுற்றியுள்ள இடைவெளியை நிரப்பி உப்புநீரைத் தடுக்கும். மெல்லிய படலமாக முகங்களில் தடவி, பூட்டியபின் வெளியேயும் பூசுங்கள். பலகைக்குக் காப்புப் பூச்சு அடிப்பதென்றால், முதலில் ஐசோபுரோப்பைல் மதுசாரத்தால் கழுவி நன்றாக உலர்த்திய பின்னரே அடியுங்கள். உப்பின்மேல் பூச்சு அடித்தால் உப்பு உள்ளேயே தங்கி அரிக்கும். லக்கின் கழுத்தில் உட்பக்கம் பசையுள்ள சுருங்கு குழாயைப் போடுங்கள். செப்பு இழைகளின் இடுக்கு வழியாகக் கடல்நீர் வயருக்குள் ஏறிப் பச்சை பூப்பதை இங்கே பல படகுகளில் பார்த்திருக்கிறேன். வெளித்தோற்றத்தில் எதுவும் தெரியாது. மாதத்துக்கு ஒரு முறை அதே மூன்று இடங்களிலும் மில்லிவோல்ற் எடுத்து, தேதியுடன் பெட்டியின் மூடிக்கு உட்பக்கம் எழுதி வையுங்கள்.