கருத்தாக்க வீதமா, அணுக்கரு வினைவிரைவா?

கிளிநொச்சியிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். உயர்தரப் பௌதிகவியல் மாணவருக்கு நோவா வெடிப்பு பற்றி ஒரு பதாகை செய்கிறோம்; வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீனான வெண்குள்ளன் ஒன்று துணை விண்மீனின் ஐதரசனை இழுத்துத் தன்மேல் குவிக்க, அடியில் அணுக்கருத் தீ மூண்டு மேற்படை வீசியெறியப்படுகிறது. இதைக் கணினியில் நடத்திப் பார்க்க ஒவ்வொரு கருத்தாக்கத்துக்கும், அதாவது அணுக்கருக்கள் மோதி வேறாகும் ஒவ்வொரு தாக்கத்துக்கும், வீதம் கொடுக்க வேண்டும். பிள்ளைகளோ 'கருத்தாக்க வீதம்' என்றதும் கருத்து உருவாவதை நினைக்கிறார்கள். என்ன சொல் போடலாம்?

வவுனியாவிலிருந்து:
ரீச்சர், பிள்ளைகளில் பிழையில்லை. 'கரு' முற்றியலுகரம், 'தாக்கம்' சேரும்போது உகரம் கெடாமல் நிற்க, த் மிகும். 'கருத்து' குற்றியலுகரம், உகரம் கெட்டு 'ஆக்கம்' ஏறும். இரண்டும் ஒரே சொல்லில் வந்து முடிகின்றன. 'அணுக்கரு வினைவிரைவு' என்று போடுங்கள். 'வீதம்' விகிதத்தின் மரூஉ என்பார்கள், அதையும் விடலாம்.

மாங்குளத்திலிருந்து:
ஐயா, விரைவு என்றால் பிள்ளை கதியைத்தான் நினைக்கும். இங்கே கேள்வி, ஒரு செக்கனில், ஓரலகுக் கனவளவில் எத்தனை தாக்கம் என்பது. புளோரின்-18 ஒரு புரோத்தனைப் பிடித்து, அல்பாத் துணிக்கையை விட்டு ஒட்சிசன்-15 ஆகிறது. இந்த வீதத்தைக் கூட்டினால் கணிப்பில் புளோரின்-18 குறைகிறது. அதோடு, அது சிதைவதால் வரும் 511 கிலோ இலத்திரன்வோல்ற்று காமாக் கதிரும் குறைகிறது. 2002இல் அணுக்கரு வானியற்பியலாளர் இலியாடிசும் கூட்டாளிகளும் 175 தாக்கங்களின் வீதங்களை ஒவ்வொன்றாக மாற்றி, ஏறத்தாழ 7350 கணிப்புகள் செய்தார்கள். காபன், நைதரசன் அளவுகளை நம்பலாம் என்று வந்தது. ஒட்சிசன், புளோரின், நியோன் முதலியவற்றுக்குச் சில வீதங்களின் ஐயம் குறைய வேண்டும். ஆகவே வீதம் மாறினால் வெடிப்பே தலைகீழாகும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மாறுவது பெரும்பாலும் சாம்பலில் என்ன எவ்வளவு என்பதுதான்.

முல்லைத்தீவிலிருந்து:
பரீட்சைத்தாளில் 'தாக்க வீதம்' என்றுதான் வரும். சொல்லை மாற்றினால் புள்ளி இழப்பது பிள்ளை. அப்புறம், நோவாவைப் 'புதுவெள்ளி' என்றால் என்ன? எங்கள் ஆச்சிமாருக்கு வானத்து மீனெல்லாம் வெள்ளிதானே.

வவுனியாவிலிருந்து:
வெள்ளி கோளாகிவிட்டது தம்பி, அது சரிவராது. ஆனால் புதுச்சொல்லுக்குப் பயப்படத் தேவையில்லை. பாடநூல் விஞ்ஞானம் என்கிறது; கிளிநொச்சியில் அறிவியல் நகர் என்று பஸ்ஸில் ஏறுகிற எல்லாருக்கும் விளங்குகிறது.

கிளிநொச்சியிலிருந்து:
சரி, நாளை கோப்பை அனுப்ப வேண்டும். கூடுதலானோர் வீதத்தை வைக்கச் சொல்கிறீர்கள். 'அணுக்கருத் தாக்க வீதம்' என்று இடைவெளி விட்டுப் போடுகிறேன். நோவா நோவாவாகவே இருக்கட்டும்.

வவுனியாவிலிருந்து:
வாய்விட்டு வாசிக்கும்போது இடைவெளி காதில் விழாது ரீச்சர். என் மறுப்பு அப்படியே நிற்கிறது.