பழைய ஓவியர்களின் வாழ்க்கைத் தகவலுக்கு எந்த இணைய நோக்கீட்டு நூல்களை நம்பலாம்?

கேள்வி (கலை வரலாற்று மாணவி):
பதினேழாம் நூற்றாண்டு நெதர்லாந்து ஓவியர்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதி வருகிறேன். ஒரே ஓவியருக்குப் பக்கத்துக்குப் பக்கம் பிறந்த ஆண்டு மாறுகிறது. பெயரின் எழுத்தும் மாறுகிறது. ஆய்வாளர்கள் சான்றாக ஏற்கும் இணைய நோக்கீட்டு நூல்கள் எவை? கட்டணமில்லாதவை உண்டா?

மறுமொழி 1 (நூலகர்):
தங்கள் தலைப்புக்கு முதலில் பார்க்க வேண்டியது, ஹேக் நகரிலுள்ள ஆர்கேடி (RKD) எனும் நெதர்லாந்துக் கலை வரலாற்று நிறுவனத்தின் ஓவியர் தரவுத்தளம். அதற்குக் கட்டணம் இல்லை. ஆண்டுகள் முரண்படுவதற்கு ஒரு முக்கியக் காரணம், அக்காலத்து ஓவியர் பலருக்குப் பிறந்த நாள் பதிவாகாமல் தேவாலயத் திருமுழுக்குப் பதிவு மட்டுமே எஞ்சியிருப்பதுதான். ஓவியர் யூடித் லைஸ்டர் 1609 ஜூலை 28இல் ஹார்லெமில் திருமுழுக்குப் பெற்றார் என்பதே ஆவணம் சொல்வது; அதைப் பிறந்த நாளாக எழுதிவிடுவது பொதுவான பிழை. பெயர்க் குழப்பத்துக்கு அமெரிக்காவின் கெட்டி (Getty) நிறுவனத்தின் கலைஞர் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். ஒருவருடைய பெயர் வடிவங்கள் அனைத்தையும் ஒரே அடையாள எண்ணின் கீழ் தொகுத்திருக்கிறார்கள், அதுவும் இலவசமே.

மறுமொழி 2 (ஆய்வாளர்):
பெயரும் ஆண்டும் கிடைத்துவிட்டால் போதாது. ஓவியரின் கலையை விளக்கும் கட்டுரை வேண்டுமானால் குரோவ் கலைக்களஞ்சியத்துக்குத்தான் போக வேண்டும். 1996இல் 34 தொகுதிகளாக அச்சில் வந்த அந்நூல் 1998இல் இணையத்துக்கு வந்தது. கட்டுரைகளில் எழுதியவர் பெயரும் துணைநூற்பட்டியலும் இருப்பதால், ஒரு கருத்து யாருடையது, எதை ஆதாரமாகக் கொண்டது என்று தாங்களே பின்தொடர்ந்து செல்ல முடியும். இதற்குச் சந்தா உண்டு. பல்கலைக்கழக நூலகத்தின் வழியாக முயன்று பாருங்கள். ஓவியர்களின் கையொப்பங்களும் ஏலத் தகவல்களும் தேவைப்பட்டால் பெனெசிட் (Benezit) எனும் கலைஞர் அகராதி உதவும்.

மறுமொழி 3 (அருங்காட்சியகப் பணியாளர்):
எதைப் பார்த்தாலும் அந்தப் பதிவு கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பதைக் கவனியுங்கள் என்று வலியுறுத்துவேன். மேலே குறிப்பிடப்பட்ட லைஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள்: லூவர் அருங்காட்சியகத்துக்கு, அதே காலத்து ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸின் படைப்பென்று வந்த ஓர் ஓவியத்தில் லைஸ்டரின் பெயரெழுத்து முத்திரை இருப்பதை 1893இல் கலை வரலாற்றாளர் ஹோஃப்ஸ்டேட டெ க்ரோட் அறிவித்த பிறகே, லைஸ்டரின் ஓவியங்கள் ஒவ்வொன்றாக அவர் பெயருக்குத் திரும்பின. அதற்கு முந்தைய நூல்களை மின்வடிவில் படித்தால் அந்த ஓவியங்களை ஹால்ஸின் பெயரிலேயே காண்பீர்கள். ஓர் ஓவியம் இன்று யாருடையதாகக் கருதப்படுகிறது என்பதற்கு, அதை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஆர்கேடியில் திருமுழுக்கு நாளும் கெட்டியில் வெறும் ஆண்டும் இருந்தால், கட்டுரையில் எதைக் குறிப்பிடுவது?

மறுமொழி 1 (நூலகர்):
திருமுழுக்கு நாளையே, திருமுழுக்கு என்ற சொல்லுடன் குறிப்பிடுங்கள்.